கொய்யா மரம் வைத்தால் பை கட்டவும் தயாராக இருங்கள்

கோலாலம்பூர், செத்தாப்பாக்கில் டெரஸ் வீடு. கார் நிறுத்தும் இடத்தை ஒட்டிய துண்டு மண்ணில்தான் எங்கள் கொய்யா நிற்கிறது. சுங்கை பூலோ நாற்றுக்கடையில் வாங்கிய கம்பூச்சியா ரகம். விதைக்கன்று வேண்டாம், பதியன் கன்றே (தாய்மரக் கிளையில் வேர்விட வைத்து வெட்டி எடுத்தது) வாங்குங்கள். தாய்மரத்தின் குணம் மாறாது, சீக்கிரமும் காய்க்கும். மண்ணைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. களிமண்ணானாலும் தண்ணீர் தேங்காமல் நல்ல வெயில் பட்டால் போதும். கோழி எருவும், அவ்வப்போது ஒரு பிடி 12-12-17-2 நீல உரமும் (தழை, மணி, சாம்பல் சத்தும் மக்னீசியமும் கலந்தது) போடுகிறேன்.

தலைவலி பழ ஈதான். பெண் ஈ தோலைக் குத்தி முட்டையிடும். வெளியே ஊசி முனையளவு புள்ளிதான் தெரியும், வெட்டினால் உள்ளே புழு நெளியும். இங்கே குளிர்காலம் கிடையாது, மரம் வருஷம் முழுக்கக் காய்க்கிறது, அதனால் ஈக்கும் ஓய்வில்லை. கடையில் விற்கும் மெத்தில் யூஜினால் என்ற வாசனை மருந்து வைத்த பொறி ஆண் ஈக்களை மட்டுமே இழுக்கும். குத்துவது பெண் ஈ ஆயிற்றே! பொறி நிறைந்திருப்பதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம்.

ஆகவே பைதான் வழி. காய் லிமாவ் கஸ்தூரி (குட்டி எலுமிச்சை) அளவு வந்ததும் கட்டிவிட வேண்டும், அதற்குமேல் தாமதித்தால் ஈ முந்திக்கொள்ளும். நாளிதழ்த் தாள் நம்ம ஊர் மாலை மழைக்குக் கிழிந்துவிடுகிறது. ஆப்பிளோடு வரும் வெள்ளை நுரை வலையைக் காய்க்கு மாட்டி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் பை போட்டு, அடிமூலை இரண்டையும் வெட்டிவிடுகிறேன். தண்ணீர் வடிந்துவிடும், கொசுவும் முட்டையிடாது. வாயை மட்டும் காம்போடு இறுக்கிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் எறும்பு, சாறு உறிஞ்சும் வெள்ளை மாவுப்பூச்சியைக் கொண்டுவந்து உள்ளே குடிவைக்கும். மாவுப்பூச்சிக்கு நான் சோப்புத் தண்ணீர்தான் அடிக்கிறேன்.

கை எட்டும் உயரத்துக்குமேல் மரத்தை விடாதீர்கள். ஏணி வைத்துப் பை கட்டுவது நடக்கிற காரியமில்லை. கொய்யா புதுத் துளிரில்தான் பூக்கும் என்பதால், அறுவடை முடிந்த கிளையை வெட்டினால் உயரமும் அடங்கும், அடுத்த காய்ப்பும் வரும். பூவிலிருந்து பழமாக ஏறக்குறைய நான்கு மாதம் ஆகும். ஒரு கொத்தில் ஒரு காயை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். கிள்ள மனசு வராதுதான்.

சுவை? பெரிய காய், நறுக்கென்று கடிக்கலாம். நாட்டுக் கொய்யாவின் வாசனை மட்டும் இதில் இல்லை, அதற்காக ஏங்குகிறவர்கள் இந்த ரகத்தை வாங்க வேண்டாம். வாரம் ஒருமுறை மரத்தைச் சுற்றி வந்து காய்களுக்குப் பை கட்ட நேரமில்லாதவர்களுக்கு, பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஆசாம்போய்த் தூள் (உப்பிட்டு உலர்த்திய புளிப்புப் பிளம் பழத்தூள்) தூவி விற்கும் கொய்யாவே லாபம்.