புது ஆன்டிவைரஸ் போட்டதும் ஹேங் ஆன கணினி: எங்கள் அச்சகத்தில் சரிசெய்த விதம்

எங்களுடையது கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புக் அடிக்கும் சின்ன அச்சகம். நாள் முழுக்க ஆட்கள் பென் டிரைவோடு வருவார்கள். பலருடையதில் ஷார்ட்கட் வைரஸும் சேர்ந்தே வரும். ஆன்டிவைரஸ் இல்லாமல் எங்களுக்கு ஓடாது. பழையதை எடுத்துவிட்டுக் காசு கொடுத்து வேறொன்று வாங்கிப் போட்டதும் தொல்லை ஆரம்பித்தது.

மவுஸ் அம்பு நகரும். டிசைன் செய்யும் கோரல் டிராவில் எதைத் தொட்டாலும் திரை வெளுத்துப்போய் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று நிற்கும். கேபினெட்டின் ஹார்டு டிஸ்க் விளக்கு சிமிட்டாமல் எரிந்துகொண்டே இருக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் சிபியு சும்மா கிடக்கிறது, டிஸ்க் மட்டும் 100 சதவீதம். ரேம் கூட்டச் சொன்னார்கள் சிலர். ரேமில் பாதி காலியாகத்தான் இருந்தது.

விண்டோஸ் எப்படி ஏற வேண்டும் என்று அமைக்கும் எம்எஸ்கான்ஃபிக்கில் (msconfig) சேஃப் பூட் டிக் செய்து, அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் கணினியை ஏற்றினேன். அதில் ஆன்டிவைரஸின் டிரைவர்கள், அதாவது விண்டோஸோடு ஒட்டி ஓடும் அதன் உள்நிரல்கள், ஏறாது. அங்கே எல்லாம் மளமளவென்று திறந்தன. அப்போதே டிஸ்க் மேலிருந்த சந்தேகம் போய்விட்டது.

பிறகு சாதாரணமாக ஏற்றி, அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ‘எஃப்எல்டிஎம்சி’ (fltmc) என்று அடித்தேன். ஒவ்வொரு ஃபைலும் திறக்கப்படும்போது நடுவில் புகுந்து பார்க்கும் ஃபில்டர் டிரைவர்களின் பட்டியல் அது. பெயருக்குப் பக்கத்தில் ஆல்டிட்யூட் என்று ஓர் எண் இருக்கும். 320000-க்கு மேல் 330000-க்குள் இருந்தால் அது ஆன்டிவைரஸ் வகை. விண்டோஸோடு கூடவே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டருடையது 328010. எங்கள் பட்டியலில் புதியதும் இருந்தது, கன்ட்ரோல் பேனலில் எடுத்துவிட்ட பழையதும் இருந்தது! ஒரே ஃபைலை இரண்டும் மாறி மாறிப் படித்துக்கொண்டிருந்தன.

அன்இன்ஸ்டால் செய்தால் எல்லாம் போய்விடும் என்று நம்ப வேண்டாம். அநேகமாக எல்லா ஆன்டிவைரஸ் நிறுவனங்களும் தங்களுடையதை வேரோடு எடுக்கத் தனியாக ரிமூவல் டூல் தருகின்றன. பழைய நிறுவனத்தின் தளத்திலிருந்தே அதை இறக்கி, சேஃப் மோடில் ஓட்டி, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி பட்டியலைப் பார்த்தேன். பழைய பெயர் இல்லை. ஹேங்கும் பெரும்பாலும் நின்றது.

இந்த டிரைவர்கள் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் ஓடுவதால்தான் ஒன்று தடுமாறினாலும் மொத்தக் கணினியும் நிற்கிறது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரே ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத் திரையோடு நின்றதும் இதனால்தான். அவற்றில் பலவற்றைச் சேஃப் மோடுக்குள் போய்த்தான் மீட்டார்கள்.

மிச்சமிருந்த மந்தத்துக்கு, முழு ஸ்கேனை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றினேன். கோரல் வேலைகள் இருக்கும் ஃபோல்டரை மட்டும் எக்ஸ்க்ளூஷனில், அதாவது ஸ்கேன் செய்யாமல் விடும் பட்டியலில், சேர்த்தேன். டவுன்லோட்ஸையும் பென் டிரைவையும் எக்காரணம் கொண்டும் அதில் சேர்க்கக் கூடாது. வைரஸ் வரும் வழியே அதுதான். பிறகு எஸ்எஸ்டி மாற்றியது பெரிய நிம்மதி. ஸ்கேன் என்பது ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களை அங்கும் இங்கும் தாவிப் படிப்பது. சுழலும் ஹார்டு டிஸ்க் அப்படி நொடிக்கு நூறு முறைதான் தாவும், எஸ்எஸ்டி பல்லாயிரம் முறை.

சந்தா முடிந்ததும் நான் புதுப்பிக்கவில்லை. வாங்கியதை முறையாக நீக்கியதும் டிஃபெண்டர் தானாகவே பொறுப்பை எடுத்துக்கொண்டது. சில வருடங்களாக அதுவேதான்; எங்கள் அளவு வேலைக்கு அது போதும் என்பது என் முடிவு. அதன் ஸ்கேன் சராசரியாகச் சிபியுவில் 50 சதவீதம்வரை எடுக்கும்படி அமைந்திருக்கும். கட்டளை அடிக்கும் பவர்ஷெல்லில் அதைக் குறைத்து வைத்திருக்கிறேன். போட்டோக்கள் நிறைந்த பென் டிரைவைச் செருகும்போது இன்றும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திறக்கிறது. அந்தத் தாமதத்தை நான் தொடப்போவதில்லை. வாடிக்கையாளரின் டிரைவை அது பார்த்தே ஆக வேண்டும்.