பென்குயின் பரிசுப்பெட்டி வாங்கப் போகிறீர்களா? ஒரு நிமிடம் இதைப் படித்துவிடுங்கள்

குழந்தைகளுக்கான பென்குயின் பரிசுப்பெட்டி என்று போனில் விளம்பரம் வந்தால் தயவுசெய்து அவசரப்பட்டுப் பணம் அனுப்பிவிடாதீர்கள். நான் 1,899 ரூபாய் அனுப்பி ஏமாந்திருக்கிறேன். பணம் போனதைக்கூட விட்டுவிடலாம், பிள்ளை ஏமாந்து நின்றதுதான் இன்னும் மனதுக்கு ஆறவில்லை.

என் அக்கா மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அண்டார்டிகாவின் குளிர்காலத்தில் ஆண் எம்பரர் பென்குயின் பாதத்தின் மேல் முட்டையை வைத்துக்கொண்டு நிற்பதை ஏதோ ஒரு வீடியோவில் பார்த்தாள், அன்றிலிருந்து வேறு பேச்சே இல்லை. "சித்தி, அதுக்குக் கால் குளிராதா?" என்று போனில் கேட்டுக்கொண்டே இருப்பாள். அதனால்தான் அவள் பிறந்தநாளுக்கு இந்தப் பெட்டியைத் தேடிப் பிடித்தேன். ஒரு அடி உயரப் பஞ்சு பொம்மை, பென்குயின் குளிரை எப்படித் தாங்குகிறது என்று படத்தோடு விளக்கும் புத்தகம், வீட்டிலேயே செய்து பார்க்கச் சோதனைப் பொருட்கள், பென்குயின் படம் போட்ட தண்ணீர் பாட்டில், இவ்வளவும் உண்டு என்று விளம்பரத்தில் இருந்தது. ஐந்து நாளில் வரும் என்றார்கள். பிறந்தநாள் முடிந்து ஒன்பது நாள் கழித்து வந்தது.

பிரித்தால் பொம்மை என் உள்ளங்கை அளவு. பாட்டில் இல்லை. சோதனைப் பொருட்கள் என்று ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கையுறையும் கொஞ்சம் பஞ்சும். புத்தகம் என்பது எட்டுப் பக்கத் தாள், முதல் பக்கத்திலேயே பென்குயினும் துருவக்கரடியும் ஒரே பனிப்பாறையில் உட்கார்ந்திருக்கின்றன. துருவக்கரடி இருப்பது வடக்கே ஆர்க்டிக்கில், எம்பரர் பென்குயின் இருப்பது தெற்கே அண்டார்டிகாவில். அடுத்த பக்கத்தில் அம்மா பென்குயின் முட்டையை அடைகாக்குமாம், அப்பா மீன் பிடிக்கப் போகுமாம். எம்பரர் பென்குயினில் நடப்பது அப்படியே நேர்மாறு. முட்டையிட்டதும் தாய் கடலுக்குப் போய்விடும், தகப்பன்தான் இரண்டு மாதத்துக்கு மேல் அதைப் பாதத்தில் ஏந்தி, வயிற்று மடிப்பால் மூடிக்கொண்டு நிற்கும். கடலை விட்டு வந்த நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய நான்கு மாதம் அதற்குச் சாப்பாடே கிடையாது. என்னைவிட முதலில் இந்தத் தப்பைக் கண்டுபிடித்தது அந்தப் பிள்ளைதான். "சித்தி, புக்குல தப்பா போட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டு அதை ஓரமாக வைத்துவிட்டாள், அதற்கப்புறம் அதைத் தொடவே இல்லை.

அப்புறம் பொம்மைக்கு வந்த கதி. பென்குயின் குளிரில் இருக்கும் என்று அவள் ராத்திரி அதை ஃப்ரீசரில் வைத்துவிட்டாள். காலையில் எடுத்துக் கையில் பிடித்தபடி இருந்தவள் கொஞ்ச நேரத்தில் ஓடிவந்தாள். பனி உருகிய ஈரத்தில் முதுகின் கறுப்புச் சாயம் வெள்ளை வயிற்றில் கோடு கோடாக இறங்கி, அவள் உள்ளங்கை ரேகையெல்லாம் கறுத்திருந்தது. சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவியும் நகக்கண்ணில் நின்றுவிட்டது. சின்னக் குழந்தை வாயில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பொம்மைகளுக்கு 2021 ஜனவரியிலிருந்து ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்பவை போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. இதில் முத்திரையும் இல்லை, செய்தவர் பெயரும் இல்லை. வாங்கும் முன்னால் அதைக் கேட்காமல் விட்டது என் தப்பு.

சோதனையை நாங்களே செய்தோம். ஒரு ஜிப் கவருக்குள் டால்டாவை அப்பி, அதற்குள் இன்னொரு கவரை விட்டு, அதில் கையை நுழைத்து ஐஸ் தண்ணீர் வாளியில் விட்டாள். வெறுங்கையைச் சட்டென்று வெளியே எடுத்தவள், டால்டாக் கையை எடுக்கவே இல்லை. முகம் அப்படி மலர்ந்தது! இவ்வளவுக்கும் செலவு ஐம்பது ரூபாய்கூட இல்லை. கொழுப்பு மட்டும் போதாது என்பதையும் சொன்னேன். நெருக்கமான இறகுகளுக்கு அடியில் சிக்கி நிற்கும் காற்றுதான் கரையில் இருக்கும்போது பெரும்பங்கு காக்கிறது. அவள் கேட்டுக்கொண்டே இருந்த காலுக்கும் பதில் உண்டு. காலுக்கு இறங்கும் சூடான ரத்தக்குழாயும் மேலே ஏறும் குளிர்ந்த ரத்தக்குழாயும் ஒட்டி ஓடுவதால், இறங்கும் சூடு பாதிவழியிலேயே ஏறும் ரத்தத்துக்கு மாறி உடம்புக்கே திரும்பிவிடுகிறது, பாதம் உறையாத அளவுக்கு மட்டும் சூடு போய்ச் சேருகிறது. இத்தனைக்கும் மேல் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு கூட்டமாக நிற்கும், அடிக்கடி சின்னச் சின்ன அடியாக நகர்ந்து இடம் மாறிக்கொள்ளும். அந்தப் புத்தகத்தில் இதில் ஒரு வரிகூட இல்லை.

விற்றவரிடம் போட்டோ அனுப்பிக் கேட்டேன். "சேல் ஐட்டம், ரிட்டர்ன் கிடையாது" என்று ஒரு பதில், அப்புறம் பிளாக். விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லையென்றால் திருப்பி எடுக்க மாட்டேன் என்று ஆன்லைனில் விற்பவர் சொல்ல முடியாது, 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளிலேயே அது இருக்கிறது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பணம் அனுப்பிய ரசீது, விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட், பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ மூன்றும் கையில் இருந்தால் புகாருக்கு உதவும். வீடியோ என்னிடம் இல்லை, நீங்கள் எது வாங்கினாலும் எடுத்துவையுங்கள்.

நேற்று அதே விளம்பரம் வேறு பெயரில் மறுபடி வந்தது. நீல நிறப் பெட்டி, சிவப்பு ரிப்பன், மூடியில் பென்குயினும் துருவக்கரடியும் கைகோத்து நிற்கும் படம், விலை மட்டும் 1,499 ஆகியிருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்தால் வாங்காதீர்கள்.