ஒரு சர்வர், 14 பேர்: விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் எங்கள் தணிக்கை அலுவலகத்துக்குப் பொருந்தியதா?

ஈரோட்டில் உள்ள எங்கள் தணிக்கை அலுவலகத்திலும் அதன் திருப்பூர் கிளையிலுமாக 14 பேர் டேலி என்ற கணக்கு மென்பொருளின் ஒரே தரவில் வேலை செய்கிறோம். முன்பு ஈரோட்டுக் கணினி ஒன்றில் பகிர்வு ஃபோல்டராகத் தரவை வைத்து, திருப்பூரிலிருந்து விபிஎன் (இணையத்துக்குள் அமைக்கும் தனிப்பட்ட இணைப்பு) வழியாக அதைத் திறந்து வந்தோம். ஒரு லெட்ஜரைத் திறப்பதற்கு வேண்டிய தரவு இணைய இணைப்பைக் கடந்து அந்த ஊர்க் கணினிக்குப் போய்ச் சேர வேண்டியிருந்ததால், மார்ச் மாதக் கணக்கு திரைக்கு வருவதற்குள் மேசையில் இருக்கும் டீ ஆறிவிடும். விண்டோஸ் சர்வர் 2022-இல், பலர் தொலைவிலிருந்தே ஒரே நேரத்தில் நுழைந்து வேலை செய்ய விடும் ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸை நிறுவிய பின் டேலியும் தரவும் ஒரே சர்வர் பெட்டிக்குள் இருக்கின்றன. பயனருக்கும் சர்வருக்கும் இடையே போய்வருவது பெரும்பாலும் திரைக்காட்சியும் விசையழுத்தங்களும்தான் என்பதால், இரு ஊர்களுக்கும் வேகத்தில் வித்தியாசம் தெரிவதில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் எந்த விளம்பரத்திலும் முதலில் சொல்லப்படுவதில்லை. திருப்பூரில் மின்சாரம் போய்க் கணினி அணைந்துவிட்டாலும், அந்தப் பயனரின் அமர்வு, அதாவது அவர் திறந்து வைத்த வேலை, சர்வரில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். மின்சாரம் வந்ததும் உள்ளே நுழைந்தால், வவுச்சரின் விவரக் குறிப்பில் பாதி எழுதிய வாக்கியமும் அதன் முனையில் மினுக்கும் கர்சரும் காத்திருக்கும். இதே வசதியே தொல்லையாகவும் மாறும். மேல் மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடுவது லாக் ஆஃப் ஆகாது என்பதை ஊழியர்களுக்குப் பலமுறை சொல்லியும் பயனில்லாததால், வீட்டுக்குப் போனவர்களின் டேலி இரவெல்லாம் நினைவகத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. இப்போது, துண்டிக்கப்பட்ட அமர்வு மூன்று மணி நேரத்தில் தானாக முடியும்படி குரூப் பாலிசி என்ற விண்டோஸ் நிர்வாக அமைப்பில் வரம்பு வைத்திருக்கிறோம்.

முழு டெஸ்க்டாப்பைக் கொடுப்பதா, ரிமோட்ஆப் வழியாகத் தேவையான மென்பொருளை மட்டும் கொடுப்பதா என்பதில் தொடக்கத்தில் தவறாக முடிவெடுத்தோம். ரிமோட்ஆப்பில் டேலியும் எக்செல்லும் பயனரின் சொந்தக் கணினியில் ஓடுவதைப் போலவே தோன்றும். பார்வைக்கு அழகுதான், ஆனால் ஒரு உதவியாளர் இருப்புநிலைக் குறிப்பை டெஸ்க்டாப்பில் சேமித்துவிட்டு, அது காணவில்லை என்று அரை மணி நேரம் தேடினார். கோப்பு இருந்தது சர்வரின் டெஸ்க்டாப்பில். அவர் தேடியது தம் கணினியில். அதன்பின் அனைவருக்கும் வேறு நிறத்தில் பின்னணி வைத்த முழு டெஸ்க்டாப்பையே கொடுத்துவிட்டோம். தாம் இருப்பது சர்வரில் என்பதைக் கண் மறக்காமலிருக்க அந்த நிறம் போதுமானதாக இருக்கிறது.

நிறுவுவது கடினமன்று, உரிமக் கணக்கைப் புரிந்துகொள்வதே கடினம். சர்வர் உரிமத்தோடு, ஒவ்வொரு பயனருக்கும் விண்டோஸ் சர்வர் கேல் (CAL, சர்வரை அணுகுவதற்கான உரிமம்), அதற்கு மேல் ரிமோட் டெஸ்க்டாப் கேல் என இரண்டும் தேவை. பயனர் வாரியாகக் கேல் வாங்கினால், பயனர்களை ஓரிடத்தில் பதிந்து நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி டொமைனும் வேண்டும். அந்த டொமைனை நடத்தும் டொமைன் கன்ட்ரோலரையும் பயனர்கள் நுழையும் சர்வரையும் ஒரே இயங்குதளத்தில் வைப்பது முறையன்று. ஸ்டாண்டர்டு பதிப்பின் உரிமம் இரண்டு மெய்நிகர் சர்வர்களுக்கு இடம் தருவதால், 64 ஜிபி நினைவகமுள்ள ஒரே இயந்திரத்தில், மெய்நிகர் சர்வர்களை உருவாக்கும் ஹைப்பர்-வி வசதி மூலம் இரண்டையும் பிரித்துவிட்டோம். எங்களுக்கு நிறுவிக் கொடுத்தவர் கேல்களைப் பதிவேற்றாமலே பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். உரிமம் இல்லாமலே 120 நாள் சலுகைக் காலம் ஓடும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி வரிப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டிய 20-ஆம் தேதி காலையில், உரிமச் சர்வர் இல்லை என்ற அறிவிப்போடு 14 பேரும் வெளியே நின்றோம். நிர்வாகிக்கான அட்மின் இணைப்பு மட்டும் திறந்ததால், அதன் வழியாக நுழைந்து உரிமங்களை ஏற்றி முடிக்க மதியமாகிவிட்டது.

இந்தச் செலவைத் தவிர்க்க, சாதாரண விண்டோஸ் 10 அல்லது 11 கணினியில் ஒரு கோப்பை மாற்றிப் பலரையும் ஒரே நேரத்தில் உள்ளே விடுகிறோம் என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அது உரிம மீறல். அடுத்த அப்டேட் வந்ததும் நின்றுபோகவும் கூடும்.

பாதுகாப்பில் ஒரு விஷயத்தை விட்டுக்கொடுக்கவே கூடாது: ரிமோட் டெஸ்க்டாப்புக்கான நுழைவாயிலான 3389 போர்ட்டை ரவுட்டரில் இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். ரிமோட் டெஸ்க்டாப்பில் இருந்த புளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டை 2019 மே மாதத்தில் வெளியானபோது, ஆதரவை நிறுத்திவிட்டிருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது என்பதிலிருந்தே அதன் தீவிரத்தை ஊகிக்கலாம். நாங்கள் 443 போர்ட்டில் இயங்கும் ரிமோட் டெஸ்க்டாப் கேட்வே என்ற இடைவாயிலை முன்னால் நிறுத்தி, இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் சேர்த்திருக்கிறோம்.

திரையில் முடியும் வேலை எதுவும் சர்வருக்கு நன்றாகவே இடம்பெயர்கிறது. கையால் தொடும் பொருள்கள்தான் இடறுகின்றன. சர்வரிலிருந்து பயனரின் பிரிண்டரில் அச்சிட உதவும் ஈஸி பிரிண்ட் வசதியால் லேசர் பிரிண்டர்களுக்குச் சர்வரில் டிரைவரே தேவைப்படவில்லை, ஆனால் அதில் பக்கம் படமாகவே அச்சாவதால் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஒவ்வொரு வரியையும் தேய்த்துத் தேய்த்து அடிக்கிறது. கணினியில் செருகிப் பயன்படுத்தும், ஸ்மார்ட் கார்டு வகையைச் சேர்ந்த டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் நிலை இன்னும் விசித்திரம். சர்வரிலேயே செருகினால் அமர்வுக்குள் அது தெரியாது, ஏனெனில் ரிமோட் அமர்வு ஸ்மார்ட் கார்டைப் பயனரின் கணினியில்தான் தேடும். பயனரின் கணினியில் செருகினாலும், கையொப்பமிடும் சிறு மென்பொருள் சர்வர் முழுவதற்கும் பொதுவான ஒரே உள் போர்ட்டைப் பிடித்துக்கொள்வதால், முதலில் திறந்தவருக்கு மட்டுமே வேலை நடக்கிறது. ஆகவே தணிக்கையாளரின் அறையில், சர்வரோடு எந்தத் தொடர்பும் இல்லாத பழைய கணினி ஒன்றைக் கையொப்பத்துக்கென்றே வைத்திருக்கிறோம். தாக்கல் நாள்களில் அதன் முன்னால் வரிசை நிற்கிறது.