மிச்ச நூலில் பின்னிய லேஸ் பை: ஒன்றரை வருஷம் தூக்கித் திரிந்த பிறகு

பின்னி முடித்த அன்றே இதை எழுதியிருந்தால் புகழ்ந்து தள்ளியிருப்பேன். இப்போது இந்தப் பையின் குணம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

குன்னூர் குளிருக்கு ஸ்வெட்டர், குல்லாய் என்று எதையாவது பின்னிக்கொண்டே இருப்பேன், அதில் மிஞ்சிய சின்னச் சின்ன உருண்டைகள் ஒரு பிஸ்கட் டின் நிறையச் சேர்ந்துவிட்டன. லேபிள் எதிலும் இல்லை. அதனால் ஒவ்வொன்றிலும் விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார்த்தேன்: பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும், கம்பளி முடி கருகும் நாற்றம் அடிக்கும், அக்ரிலிக் என்ற செயற்கை நூல் உருகிக் கெட்டி மணியாய் இறுகும். சூடாக இருக்கும்போது அந்த மணியைத் தொடாதீர்கள், நான் தொட்டேன். துவைத்தால் சுருங்கி இறுகிவிடும் என்று கம்பளியை ஒதுக்கிவிட்டு மற்ற இரண்டையும் எடுத்துக்கொண்டேன்.

4 மி.மீ. ஊசி, 76 கண்ணி, அதாவது ஊசியில் ஏற்றும் நூல் வளையம். டிசைன் ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளின் பழைய அலை லேஸ், ஓட்டை ஓட்டையாய் அலை வடிவில் வரும், ஓல்ட் ஷேல் என்பார்கள். ஒரு அலைக்கு 18 கண்ணி, ஓரத்துக்குப் பக்கத்துக்கு இரண்டு. நாலு வரிசையில் ஒரே ஒரு வரிசைதான் கவனம் கேட்கும்: இரண்டிரண்டு கண்ணியாகச் சேர்த்து மூன்று முறை, நூலை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றி ஒரு கண்ணி பின்னுவது என்று ஆறு முறை, மறுபடி இரண்டிரண்டாக மூன்று முறை. எந்த இடத்தில் நூல் தீர்ந்தாலும் அடுத்த நிறம் அலையாகவே வந்து உட்காரும், மிச்ச நூலுக்கு இதைவிடத் தோதான டிசைன் எனக்குத் தெரியாது.

நான் செய்த தப்பு, நீளமாக ஒரே துண்டாகப் பின்னி நடுவில் மடித்தது. முன்பக்கம் அலை ஒரு திசை, பின்பக்கம் தலைகீழ். யாரும் கவனித்ததில்லை, எனக்குத்தான் உறுத்துகிறது. இரண்டு துண்டாகப் பின்னி அடியில் சேர்த்திருக்க வேண்டும்.

மகள் பார்த்துவிட்டு, "அம்மா, இதுல மீன் பிடிக்கலாம்" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. உள்துணி இல்லாமல் முதல் வாரம் சாவிக்கொத்து ஓட்டை வழியே எட்டிப் பார்த்தது, குடைக்கம்பி சிக்கியது, காய்கறி போட்டதும் பை கீழே இறங்கிக்கொண்டே போனது. கைப்பிடி அதைவிட மோசம். அதையும் நூலிலேயே பின்னியிருந்தேன், ஒரு மாதத்தில் தோளில் மாட்டினால் பை முழங்காலைத் தொட்டது.

சரி என்று கைப்பிடியைப் பிரித்துவிட்டு, பழைய கட்டில் நாடாவை நீளவாட்டில் மடித்துத் தைத்து அதன்மேல் பின்னலைச் சுற்றினேன். நாடாவின் இரு முனையையும் உள்துணியில் இறக்கித் தைத்தேன், லேஸில் இல்லை. உள்துணி பழைய உள்பாவாடைத் துணி, அதைப் பையைவிட ஓர் அரை அங்குலம் சின்னதாகவே வெட்டினேன். சுமை துணியில் நிற்க வேண்டும், லேஸ் சும்மா மேலே கிடந்தால் போதும். இதற்கப்புறம் பை ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை, செல்போன், பர்ஸ், குடை, ஒரு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் என்று தினமும் சுமக்கிறது.

பஸ் சீட் ஓரத்து ஆணியில் இரண்டு தடவை நூல் இழுபட்டது. வெட்டிவிடத் தோன்றும், வெட்டினால் கண்ணி கழன்று ஏணி மாதிரி இறங்கும். பக்கத்துக் கண்ணிகளை மெல்ல இழுத்துச் சமன்செய்து, மிஞ்சியதைக் கொக்கி முனையுள்ள குரோஷா ஊசியால் உள்பக்கம் தள்ளிவிட்டேன்.

துவைப்பதுதான் தொல்லை. முதல் தடவையே சிவப்புப் பருத்தி சாயம் விட்டு வெள்ளை அலை ரோஸ் ஆனது. அடர்நிற நூலை முன்கூட்டியே தனியாக நனைத்துப் பார்க்காத என் சோம்பேறித்தனம். ஈரத்தில் பருத்தி கனக்கும், தொங்கவிட்டால் நீளும், அதனால் துண்டில் சுருட்டிப் பிழிந்து தட்டையாகப் போட்டுத்தான் காயவைக்கிறேன். மழைக்காலத்தில் மூன்று நாள் ஆகிறது.

அக்ரிலிக் வரிகளில் இப்போது பிசிறு உருண்டை உருண்டையாய் நிற்கிறது, பருத்தி வரிகள் நிறம் மங்கினாலும் மழமழவென்றே இருக்கின்றன. அடிப்பக்க மடிப்பில் மெரூன் வரி மட்டும் தேய்ந்து மெலிந்துவிட்டது. டின்னில் அந்த மெரூன் இன்னும் ஒரு நெல்லிக்காய் அளவு இருக்கிறது, இந்த வாரம் அதை வைத்துத்தான் அடியை ஒட்டுப்போட வேண்டும்.