பட்டியலை எழுதியது யார்? ஷிண்ட்லர்: நாவலும் படமும்

இரண்டாம் உலகப்போரில் தன் தொழிற்சாலைக்குத் தேவையான ஆட்கள் என்று ஒரு பெயர்ப் பட்டியல் போட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களைக் காப்பாற்றிய ஜெர்மானியத் தொழிலதிபர் ஆஸ்கர் ஷிண்ட்லர். அவரைப் பற்றித் தாமஸ் கெனீலி எழுதிய ‘ஷிண்ட்லர்ஸ் ஆர்க்’ 1982-இல் புக்கர் பரிசு வாங்கிய நாவல். ஸ்பீல்பெர்க் அதை 1993-இல் ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ என்ற மூன்றேகால் மணி நேரப் படமாக எடுத்தார். படம் பார்த்துவிட்டதால் நாவல் வேண்டாம் என்று விடுகிறவர்கள் பெரிதாக ஒன்றை இழக்கிறார்கள்: பட்டியலையே.

படத்தில் ஷிண்ட்லர் பெயர்களைச் சொல்லச் சொல்ல அவருடைய யூதக் கணக்கர் ஸ்டெர்ன் தட்டச்சு செய்கிறார். இருவர் கையும் சுத்தம். நாவலிலோ பட்டியல் கடைசியில் மார்செல் கோல்ட்பெர்க் என்ற முகாம் எழுத்தரின் கைக்குப் போகிறது. பெயர் சேர்க்க அவன் வைரம் கேட்கிறான். கொடுக்க வழியில்லாதவர்கள் பெயர் விடுபடுகிறது. படத்தில் இதே கோல்ட்பெர்க் முன்பே லைட்டரும் கைக்கடிகாரமும் லஞ்சமாக வாங்குகிறான். பட்டியல் எழுதும் காட்சியில் மட்டும் அவன் இல்லை. உயிர் பிழைத்தவர்களின் மனதில் கடைசிவரை உறுத்திய விஷயத்தைப் படம் துடைத்துவிட்டது. இதுதான் அதன் பெரிய குறை.

படத்தில் வரும் ஸ்டெர்னும் ஒரே ஆள் அல்ல. ஷிண்ட்லரின் எனாமல் பாத்திரத் தொழிற்சாலையின் அலுவலகத்தை நடத்திய பாங்கியர், முகாம் தளபதி அமோன் கோத்தின் சுருக்கெழுத்தர் பெம்பர் ஆகியோரின் வேலைகளும் படத்தில் அவர் தலையில் ஏறியிருக்கின்றன. திரைக்கதைக்கு இது தேவைதான். நூற்றுக்கணக்கான பெயர்களைப் படம் தாங்காது.

சிவப்பு உடைச் சிறுமியைப் படம் 1943 மார்ச்சில், போலந்தின் கிராக்கோ நகரில் யூதர்களை அடைத்துவைத்திருந்த கெட்டோவை நாஜிகள் காலிசெய்த நாளில் காட்டுகிறது. நாவலில் அது 1942 ஜூன். கறுப்பு வெள்ளையில் ஒரு சிவப்புப் புள்ளி. அதைப் பார்த்து ஷிண்ட்லர் உறைந்துபோகிறார். நாவலில் குன்றின்மேல் குதிரையிலிருந்து அவர் கவனிப்பது வேறொன்று. வரிசையிலிருந்து விலகும் குழந்தையை எஸ்.எஸ். என்ற நாஜிப் படையின் காவலன் மெதுவாகத் திருப்பி விடுகிறான். அதே தெருவில், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கொலை நடக்கிறது. குழந்தை பார்ப்பதைப் பற்றி அந்தப் படையினருக்குக் கவலையே இல்லை, ஏனென்றால் சாட்சிகளும் மிஞ்சப்போவதில்லை. இது ஷிண்ட்லர் யோசித்துப் பிடிக்கும் முடிவு. எந்த வண்ணமும் அதைச் சொல்லிவிடாது.

நாவலில் அவர் இந்தச் செய்தியோடு புடாபெஸ்டுக்கே போய், அங்குள்ள யூத நிவாரணக்காரர்களிடம் நடப்பதைச் சொல்கிறார். படத்தில் அந்தப் பயணம் இல்லை.

போர் முடிந்து தொழிலாளர்களைப் பிரியும் காட்சியில், தன் நாஜிக் கட்சியின் தங்கச் சின்னத்தைப் பிடித்துக்கொண்டு அவர் கதறுவது படத்தின் சேர்க்கை. நாவலில் தொழிலாளர்கள் தரும் மோதிரத்தை வாங்கிக்கொண்டு அமைதியாகக் கிளம்புகிறார். நாவலின் அமைதிதான் எனக்கு அதிகம் கனக்கிறது.

படம் முதலில், நாவல் பிறகு என்ற வரிசை நல்லது. முகங்கள் மனதில் இருந்தால் பெயர்க் கூட்டத்தில் தொலைய மாட்டீர்கள். படிக்கும்போது ஷிண்ட்லரின் மனைவி எமிலியைத் தேடுங்கள். 1945 ஜனவரியில் கோலெஷூவ் என்ற முகாமின் கைதிகளோடு ஷிண்ட்லரின் தொழிற்சாலைக்கு வந்த ரயில் பெட்டிகளின் கதவுகள் பனியில் இறுகிக் கிடக்கின்றன. வெல்டிங் கருவியால் சூடேற்றித் திறக்கிறார்கள். உள்ளே பிணங்களுக்கு நடுவே உயிரோடு இருந்தவர்களுக்கு வாரக்கணக்கில் கஞ்சி ஊட்டிப் பார்த்துக்கொண்டவர் எமிலி. படத்தில் அந்த ரயில் வரவே இல்லை.