கீட்டோகோனசோல் 2% ஷாம்பு: பொடுகுக்கு மருந்து, தலைப் படர்தாமரைக்குத் துணை மட்டும்

கீட்டோகோனசோல் 2 சதவீதம் கலந்த மருந்து ஷாம்புவை எங்கள் வீட்டில் இருவர் பயன்படுத்தினோம். எனக்குப் பொடுகு, என் மகளுக்குத் தலையில் படர்தாமரை. இரண்டுமே பூஞ்சையால் வருபவைதான். ஆனால் இந்த ஷாம்பு ஒன்றில் தானே மருந்து, மற்றதில் வெறும் துணை.

முதலில் பொடுகு. காதுக்குப் பின்னாலும் நெற்றியோரத்திலும் தோல் சிவந்து, பிசுபிசுப்பான மஞ்சள் செதில் உதிரும் ரகம் என்னுடையது. சாதாரணப் பொடுகு ஷாம்புகள் அரிப்பை ஓரிரு நாள் தள்ளிப்போடும், அவ்வளவுதான். இது அப்படியில்லை. மலாசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை எல்லார் தலையிலும் இருப்பதுதான். தோலில் சுரக்கும் எண்ணெயைத் தின்று அது வெளிவிடும் கொழுப்பு அமிலங்கள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அரிப்பும் செதிலும் கிளம்பும். பூஞ்சையின் செல் சவ்வுக்கு எர்கோஸ்டிரால் என்ற கொழுப்புப் பொருள் தேவை. அதை உருவாக்க விடாமல் தடுப்பதுதான் கீட்டோகோனசோலின் வேலை.

அந்த வேலைக்கு நேரம் கொடுக்க வேண்டும். நுரை வந்ததும் அலசிவிட்டால் மருந்து வீண். மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் தலையிலேயே விடுங்கள். முடியில் அல்ல, தோலில் படும்படி விரல் நுனியால் தேயுங்கள், நகத்தால் கீற வேண்டாம். வாரம் இரண்டு முறை வீதம் இரண்டு முதல் நான்கு வாரம் போட வேண்டும். எனக்கு முதலில் அரிப்பு நின்றது, செதில் பிறகுதான் குறைந்தது. ஈஸ்ட் திரும்ப வளரும் என்பதால் இப்போதும் ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடுகிறேன். முடி கொஞ்சம் வறண்டு சிக்கு விழுகிறது. நுனியில் கண்டிஷனர் தடவினால் சரியாகிறது. கண்ணில் பட்டால் நன்றாகவே எரியும்.

மகளுக்கு வந்தது வேறு. உச்சியில் வட்டமாக முடி போயிருந்தது. பார்த்தவர்கள் புழுவெட்டு என்றார்கள். ஆனால் புழுவெட்டில் தோல் வழவழவென்று இருக்கும். இவளுக்கோ செதில், அரிப்பு, தோலோடு தோலாக ஒடிந்து கறுப்புப் புள்ளிகளாக நின்ற முடி, பின்கழுத்தில் நெறிக்கட்டு. தோல் மருத்துவர் செதிலையும் ஒடிந்த முடியையும் சுரண்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். டிரைக்கோஃபைட்டன் பூஞ்சை என்று வந்தது.

இந்தப் பூஞ்சை முடித்தண்டுக்குள்ளும் வேர்ப்பைக்குள்ளும் இறங்கிவிடுகிறது. ஷாம்புவோ களிம்போ அந்த ஆழத்துக்குப் போய்ச் சேராது. உள்ளுக்குச் சாப்பிடும் மருந்துதான் தீர்வு. டிரைக்கோஃபைட்டனுக்குப் பெரும்பாலும் டெர்பினாஃபின் தருகிறார்கள். பூனை, நாய்களிடமிருந்து தொற்றும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சை என்றால் கிரிசியோஃபுல்வின் நன்றாக வேலை செய்யும், ஆனால் ஆறு முதல் எட்டு வாரமாவது சாப்பிட வேண்டும். மகளுக்கு டெர்பினாஃபினில் குணமாகி முடியும் முளைத்துவிட்டது.

அப்படியானால் ஷாம்பு எதற்கு? செதிலிலும் முடியிலும் ஒட்டியிருக்கும் பூஞ்சை வித்துகளை அது குறைக்கிறது, அதனால் மற்றவர்களுக்குப் பரவும் வாய்ப்பும் குறைகிறது. மருத்துவர் எங்கள் எல்லாரையுமே தேய்த்துக் குளிக்கச் சொன்னார். சீப்பு, தொப்பி, துண்டு, தலையணை உறை எதையும் பகிரவில்லை. இந்தப் பங்கை ஷாம்பு நன்றாகவே செய்தது: வீட்டில் வேறு யாருக்கும் வரவில்லை.

என் குறை பாட்டிலின் மேல்தான். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘பூஞ்சைத் தொற்றுக்கு’ என்று இருக்கிறது. தலைப் படர்தாமரைக்கு இது மட்டும் போதாது என்று எங்குமே இல்லை. இந்த நோய் அதிகம் வருவது சிறு பிள்ளைகளுக்கு. ஒரு தாயோ தகப்பனோ இந்த வரியை நம்பி வாரக்கணக்கில் ஷாம்புவே போட்டுக்கொண்டிருந்தால், அதற்குள் அந்த இடம் சீழ் கோத்து மெத்தென்று வீங்கிவிடலாம். கீரியான் என்பார்கள். அது தழும்பாகிவிட்டால் அங்கே பிறகு முடியே முளைக்காமல் போகக்கூடும். முன்பக்கத்திலேயே ஒரு எச்சரிக்கை வரி போடுவதில் தயாரிப்பாளருக்கு என்ன கஷ்டம்?

பொடுகுக்கு வாங்குங்கள், தாராளமாக. பிள்ளையின் தலையில் முடி ஒடிந்து வட்டம் தெரிந்தால் முதலில் மருத்துவரிடம் போங்கள். அதற்காக மொட்டையடிக்க வேண்டாம். சிகிச்சை தொடங்கிவிட்டால் பள்ளிக்கும் அனுப்பலாம்.