ருபார்ப் மஃபினும் என் மேசை ஓவனின் நடுக் குமிழும்

கீழ்க் கொயில், அதாவது சூடாக்குகிற கம்பி, எரிந்துபோய், திருத்தி, போன கிழமைதான் ஓவன் வீட்டுக்கு வந்தது. அதே கிழமை பார்த்து நண்பி ஒருத்தி, அந்த மொடல் இப்போது விலை குறைந்திருக்கிறதாம், எடுக்கட்டுமா என்று கேட்கிறாள். கேட்ட நேரம் சரியில்லை. ஆனாலும் நியாயமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

எத்தனை லீட்டர், எத்தனை வாட் என்பதெல்லாம் பெட்டியிலேயே இருக்கிறது. மேலே ஒரு கொயில், கீழே ஒரு கொயில், முன்னால் மூன்று குமிழ், அதில் நடுவில் இருப்பது சூட்டுக்கு, அவ்வளவுதான். 2020இல் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு வருவதற்கு முன் வாங்கியது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கறண்டை வெட்டிய காலத்தில் அதன் தலையில் அரிசி வாளி ஏறியிருந்தது. பிறகு கறண்ட் ஒழுங்காக வந்தது, பில்லும் வந்தது: அந்த ஆகஸ்டில் சராசரி 75 வீதம், அடுத்த பெப்ரவரியில் அதற்கு மேல் இன்னும் 66 வீதம் என்று கூட்டினார்களே, அதைப் பார்த்துவிட்டு யார் ஓவனைப் போடுவது? பின்னால் கொஞ்சம் குறைத்த பிறகுதான் வாளி இறங்கியது.

இதில் பட்டர் கேக் நன்றாக வரும். பிரெட் புடிங் வரும். கோழி வடிவாகவே வரும். கதவு இன்றைக்கும் இறுக்கமாக மூடுகிறது, கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டு வீட்டுக்குள் வரும்வரை இதைப் பற்றி ஒருவரிடமும் நான் குறை சொன்னதில்லை.

தம்பிக்கு நுவரெலியாவில் வேலை. ஊருக்கு வரும்போது கரட், லீக்ஸ் என்று கொண்டுவருகிறவன், ஒருமுறை பேப்பரில் சுற்றி ஒரு கட்டுத் தண்டு கொண்டுவந்தான். மாமி பார்த்துவிட்டு, "இதென்ன பிள்ளை, சேம்பந்தண்டோ?" என்றார். அடுத்த கேள்வி, நுனியில் ஒட்டியிருந்த இலையைச் சுண்டலாமோ என்பது. சுண்டவே கூடாது. இலையில் ஒக்சாலிக் அமிலம் அதிகம், நஞ்சு. தண்டு மட்டும்தான் சாப்பாட்டுக்கு. தண்டு என்றால் மரக்கறிதானே என்று மாமி விடவில்லை. அமெரிக்காவில் 1947இல் இதே வழக்கு ஒரு சுங்க நீதிமன்றத்துக்குப் போய், சமையலில் பழம்போலத்தான் பாவிக்கிறார்கள், ஆகவே பழம் என்று தீர்ப்பாகி இறக்குமதித் தீர்வையும் குறைந்தது என்று சொன்னேன். மாமிக்கு அந்தத் தீர்ப்பில் திருப்தியில்லை.

யாழ்ப்பாணத்தில் இதை நட்டுப் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இது குளிர்நாட்டுப் பயிர், நன்றாக வளர வேண்டுமென்றால் குளிர்காலத்தில் கிழங்கு உறங்க வேண்டும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே சமாளிக்கலாம். நமக்கு மார்கழியிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவதே அரிது, சித்திரையில் கிணற்றடி வாழையே வாடுகிறது. வீண் வேலை.

இரா பஸ்ஸில் வந்த தண்டு வாடித்தான் இருக்கும். அடியை வெட்டிக் குளிர்தண்ணியில் நிறுத்திவைத்தால் திரும்ப விறைப்பாகும். நமக்குக் கிடைப்பது படங்களில் வருகிற சிவப்புத் தண்டு இல்லை, பெரும்பாலும் பச்சை. பச்சை என்றால் பிஞ்சு என்று அர்த்தமில்லை, அது அந்தச் சாதியின் நிறம். ருசியில் குறைவில்லை, வெந்தபிறகு நிறம்தான் ஒரு மாதிரிப் பாசிநிறமாகப் போய்விடும். பிள்ளைகள் முதலில் அதைத் தொடவில்லை. பிறகு எங்களுக்கு மிச்சம் வைக்கவில்லை.

நான் செய்கிற கணக்கு இது. கோதுமை மா இரண்டு கப், பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, அப்பச்சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, கறுவாத்தூள் கொஞ்சம். இன்னொரு பாத்திரத்தில் நன்றாகப் புளித்த தயிரை மோர்ப் பதத்துக்குக் கரைத்து ஒரு கப், முட்டை ஒன்று, தேங்காயெண்ணெய் அரைக் கப், சீனி முக்கால் கப். ஈரத்தை மாவில் ஊற்றி அகப்பையால் பத்துப் பன்னிரண்டு தரம் புரட்டினால் போதும், மாக்கட்டி அங்கங்கே தெரிந்தால் தெரியட்டும். கேக்குக்கு அடிக்கிற மாதிரி அடித்தீர்களோ, மஃபின் இறப்பர் மாதிரி இழுபடும். கடைசியாக ஒன்றரைக் கப் ருபார்ப், விரல்நகம் அளவுத் துண்டுகளாக. பெரிதாக வெட்டினால் நார் பல்லில் மாட்டும். பிரீசரில் வைத்த துண்டு என்றால் உருகவிடாமல் அப்படியே போட வேண்டும்.

சரி, இனிக் குமிழுக்கு வருகிறேன்.

ருபார்ப் தண்டில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணி. சூடு பட்டதும் துண்டு குழைந்து அந்தத் தண்ணி முழுக்க மாவுக்குள் இறங்கும். முதல் ஐந்தாறு நிமிடம் நல்ல சூட்டில் மா எழும்பி இறுகினால்தான் அதைத் தாங்கும், பிறகு நிதானமான சூட்டில் உள்ளே வேக வேண்டும். பட்டர் கேக் இருபது பாகை முன்னப்பின்ன இருந்தாலும் மன்னித்துவிடும். ருபார்ப் மஃபின் மன்னிக்காது. மேலே பொன்னிறத்தைத் தாண்டிக் கறுப்பு, அடியில் களி. எடுத்துப் பிய்த்தால் கடதாசிக் கப்போடு பாதி மா ஒட்டிக்கொண்டு வருகிறது.

ரொறன்ரோவில் இருக்கிற சித்தி வந்தபோது ஓவனுக்குள் தொங்கவிடுகிற ஒரு வெப்பமானி தந்தார். குமிழை 180இல் வைத்துவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்தேன். முள்ளு 180ஐத் தாண்டி, 200ஐத் தாண்டி, 210ஐயும் தொட்ட பிறகு 'டிக்' என்று ஒரு சத்தம், கொயில் அணைந்தது. பிறகு 160 வரைக்கும் இறங்கவிட்டுத்தான் திரும்பப் பற்றியது. அப்படியென்றால் அந்தக் குமிழைச் சுற்றி இவ்வளவு அழகாக வெள்ளை எழுத்தில் எண் அச்சடித்தது எதற்கு? அலங்காரத்துக்கா?

கொயில் மாற்றின திருத்துனரிடம் இதைக் கேட்டேன். பக்கத் தகட்டைக் கழற்றி வைத்திருந்தவர், வெப்பத்தைப் பிடிக்கிற பாகத்தை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் தொட்டுக் காட்டினார். சுவரோடு ஒட்டி மூலையில் கிடக்கிறது. "அதுக்கு அந்த மூலைச் சூடு மட்டும்தான் தெரியும் அக்கா, நடுவில தட்டு என்ன பாடு படுதெண்டு தெரியாது. இந்த விலைச் சாமான் எல்லாம் இப்பிடித்தான்." கோபப்படுவதற்கு அவர் ஒரு வழியும் விடவில்லை.

இப்போது என் குமிழில் 155க்கும் 160க்கும் நடுவில் மகளின் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு இருக்கிறது. அதுதான் என் 180. முதலில் எண்ணின்படி 180இல் நன்றாகச் சூடேற்றி, தட்டை ஆகக் கீழ்த்தட்டில் வைத்து, ஆறாவது நிமிடம் பொட்டுக்கு இறக்கி, பதினைந்தாவது நிமிடம் மேலே அலுமினியத்தாள் மூடி, தட்டை முன்பின்னாகத் திருப்பி, கடைசி ஐந்து நிமிடம் கீழ்க் கொயிலை மட்டும் விட்டால் அடியும் வேகிறது. ஈர்க்கால் குத்திப் பார்க்கும்போது ருபார்ப் துண்டில் குத்துப்பட்டால் ஈரமாகத்தான் வரும், வேறு இடத்திலும் குத்திப் பார்த்துவிட்டு எடுங்கள்.

இன்னொன்று, சித்தி தந்த பன்னிரண்டு குழித் தட்டு இதற்குள் போகாது, அரை அங்குலத்தால் இடிக்கிறது. ஆறு குழித் தட்டில் இரண்டு தரம் சுட வேண்டும். ருபார்ப் முழுவதையும் மாவில் கலந்து வைத்தால் இரண்டாவது தட்டுக்குள் தண்ணி விட்டுவிடும், சோடாவின் பொங்கலும் அடங்கிவிடும். பாதித் துண்டுகளைப் பிரிஜ்ஜில் வைத்துப் பிறகு கலந்தால் தண்ணிக்கு வழி உண்டு, பொங்கலுக்கு இல்லை. இரண்டாவது தட்டு எப்போதும் கொஞ்சம் குட்டை.

இவ்வளவு திட்டுக்கு நடுவில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். மேல் கொயில் இப்படி மூர்க்கமாக எரிவதால் ஒரு நன்மை கிடைத்தது. பனங்கட்டியை இடித்துத் தூளாக்கி மஃபின் தலையில் தூவினால், அலுமினியத்தாள் மூடுவதற்கு முன் அது உருகிப் பாகாகி மொறுமொறு என்று ஓடு கட்டுகிறது. அந்தப் பனங்கட்டி மணமும் உள்ளே ருபார்ப்பின் புளிப்பும் சேர்ந்து வருகிற ருசிக்கு நான் எந்தக் கடைக் கேக்கையும் வைக்க மாட்டேன். பெரிய ஓவன் உள்ள மச்சாள் வீட்டில் அதே மாவில் சுட்டுப் பார்த்தோம், மஃபின் எல்லாம் ஒரே நிறம், அடி நன்றாக வெந்திருந்தது, ஆனால் அந்த ஓடு கட்டவில்லை.

ருபார்ப் கிடைக்காத மாதங்களில் பிலிம்பிக்காய் போடுகிறேன். அதிலும் புளிப்புக்கு ஒக்சாலிக் அமிலம்தான், தண்ணியும் அதே அளவு விடும். சீனி பிரட்டிப் பிழிந்துவிட்டுப் போட வேண்டும். சிறுநீரகக் கல், சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு இரண்டுமே வேண்டாம்.

ஆக, இத்தனை வருஷத்தில் ஒரு கொயில் மட்டும்தான் போனது, உடம்பு திடம், கோழிக்குக் குறையில்லை, பனங்கட்டி ஓடு இதில்தான் வரும். என்றாலும் என்னைக் கேட்டால், வாங்காதே. திருத்தக் கொடுத்த காசு இன்னும் நெஞ்சில் குத்திக்கொண்டிருக்கிறது, அடுத்த மாதம் கேட்டிருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேனோ தெரியாது, இன்றைக்கு இதுதான் பதில். விலை குறைந்ததுதான் காரணம், வாங்கத்தான் போகிறேன் என்றால் கடையிலேயே கறண்ட் கொடுத்துப் போட்டுக் காட்டச் சொல்லு, என் வெப்பமானியைக் கையோடு கொண்டுபோ, 'டிக்' என்று சத்தம் வரும்வரை நின்று பார். கடைக்காரர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும்.